மெயின் ஸ்விட்ச் நம்ம கைக்கு எட்டணும்

(நமது கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில், வயரிங் தொழில் செய்துவரும் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று பல ஊர்களில் இருந்து வந்திருக்கீங்க. காலையில் இருந்து சேமிப்பு, உள்கடன், தணிக்கை எல்லாம் பேசி முடிச்சாச்சு. எனக்குக் கொடுத்த தலைப்பு, 'வீட்டில் கரண்ட் போனால் என்ன செய்வது' என்பது.

முதலில் ஒரு கேள்வி. உங்க வீட்டு மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்குன்னு தெரிஞ்சவங்க கை தூக்குங்க. சந்தோஷம், எல்லாருமே தூக்கிட்டீங்க. அதை உங்க கையால ஒரு தடவையாவது இறக்கி ஏத்தினவங்க மட்டும் இப்ப தூக்குங்க. பாருங்க, முக்கால்வாசிக் கை இறங்கிருச்சு. அதுக்காகத்தான் இன்னிக்குப் பேச வந்திருக்கேன்.

கரண்ட் நமக்கு அந்நியம் இல்லை

குமுளிக்குப் போகிற வழியில் லோயர் கேம்ப்பில் மலைமேல இருந்து நாலு பெரிய குழாய் இறங்குவதைப் பார்த்திருப்பீங்க. 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணி அந்தக் குழாய் வழியாகத்தான் இறங்குது. 1958-ல் இருந்து அங்கே மின்சாரம் தயாராகுது. அதே தண்ணிதான் அப்புறம் நம்ம வயலுக்கும் பாயுது. நம்ம பள்ளத்தாக்கிலேயே கரண்ட் பிறக்குது. ஆனா நம்ம வீட்டுச் சுவரில் இருக்கிற பெட்டியைத் தொட மட்டும் பயப்படுறோம். "அது ஆம்பளைங்க வேலை" என்று விட்டுடுறோம். வீட்டு ஆம்பளை கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கலாம், ஏலக்காய்த் தோட்டத்தில் இருக்கலாம். இருட்டில் பிள்ளைகளோட இருக்கிறது நாமதான்.

இன்னொரு பழக்கமும் இருக்கு. கரண்ட் போனா உடனே "ஈ.பி.காரன் நிறுத்திட்டான்" என்போம். அதுக்குக் காரணம் உண்டு. 2008-ல் தொடங்கி 2012, 2013 வரைக்கும் மின்வெட்டு நம்மளை எப்படி ஆட்டிப் படைச்சதுன்னு யாரும் மறக்கலை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலயும் கரண்ட் இல்லாம இருந்திருக்கோம். அப்ப வந்த பழக்கம், கரண்ட் போனா வரும் வரைக்கும் உட்கார்ந்து காத்திருக்கிறது. இன்னிக்கு நிலைமை வேற. நான் கூப்பிட்டுப் போகிற பல வீடுகளில் கோளாறு கம்பத்தில் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கு. அதிலும் மெயின் ஸ்விட்ச்சே கெட்டுப் போயிருக்கு.

மெயின் ஸ்விட்ச் என்றால் என்ன?

பழைய வீடுகளில் இரும்புப் பெட்டியும் பக்கத்தில் கைப்பிடியும், உள்ளே பீங்கான் ஃபியூஸ் கட்டையும் இருக்கும். இப்போ சின்ன வெள்ளைப் பெட்டிக்குள்ளே மேலும் கீழும் தள்ளுகிற குமிழ் இருக்கு. அதுக்கு எம்.சி.பி. என்று பேர். டிரிப் ஸ்விட்ச் என்றும் சொல்றோம். அதில் 16, 20, 32 என்று ஓர் எண் இருக்கும். அத்தனை ஆம்பியருக்கு மேல கரண்ட் ஓடினா, தானாகவே விழுந்து இணைப்பைத் துண்டிச்சிடும். வயர் சூடாகி வீடு தீப்பிடிக்காம காக்கிற காவல்காரன் அது. அதனால எம்.சி.பி. விழுந்தா, "சனியன், திரும்பவும் விழுந்திருச்சு" என்று திட்டாதீங்க. அது தன் வேலையைச் செஞ்சிருக்கு. எதனால விழுந்துச்சு என்றுதான் பார்க்கணும்.

காவல்காரனுக்கும் வயசாகும். அடிக்கடி விழுந்து எழுந்தால் உள்ளே இருக்கிற உலோக முனை கருகும். வயரை முடுக்கின ஸ்க்ரூ தளர்ந்தால் அந்த இடம் சூடேறும். அடுப்படிப் புகை, சாரல் ஈரம், பெட்டிக்குள்ளே குடியிருக்கிற எறும்பு, பல்லி எல்லாமே அதைக் கெடுக்கும். பல வீடுகளில் சர்வீஸ் வயர் அலுமினியம். அலுமினிய முனையில் வெள்ளையாகப் படிவு படிஞ்சு, இணைப்பு நாளாக நாளாகப் பலவீனமாகும்.

நாலு இடம் பாருங்க

கரண்ட் போனால், எந்த மூடியையும் திறக்காமல், கண்ணாலும் காதாலும் மூக்காலும் மட்டும் பார்க்க வேண்டிய இடம் நாலு. கால்ல செருப்பு, கை காய்ஞ்சிருக்கணும், கையில் டார்ச். மெழுகுவர்த்தி வேண்டாம்.

1. தெரு. தெரு விளக்கும் அக்கம்பக்கத்து வீடுகளும் எரியுதா? தெருவே இருட்டா இருந்தா அது ஈ.பி. பக்கம். ஆனா ஒன்று. பக்கத்து வீட்டில் எரியுதுன்னா கோளாறு நம்ம வீட்டில்தான் என்று உடனே முடிவு கட்டக்கூடாது. கம்பத்தில் மூணு பேஸ் ஓடுது. உங்க வீடு ஒரு பேஸிலும் பக்கத்து வீடு இன்னொரு பேஸிலும் இருக்கலாம். அதனால ஒரு வீட்டை மட்டும் கேக்காம, மூணு நாலு வீட்டில் கேளுங்க.

2. சர்வீஸ் வயர். கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வருகிற வயர் அறுந்து தொங்குதா என்று தூரத்தில் நின்று பாருங்க. ஆனி, ஆடிக் காத்தில் தென்னமட்டை உரசி அறுந்துபோவது நம்ம பக்கம் உண்டு. அறுந்த வயரில் கரண்ட் இருக்காதுன்னு நினைக்காதீங்க. கிட்டப் போகாதீங்க, பிள்ளைகளையும் மாட்டையும் விடாதீங்க. உடனே மின்வாரியத்துக்குச் சொல்லுங்க.

3. மீட்டர். எலக்ட்ரானிக் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடிக்கிட்டிருக்கும். எண் ஓடுது என்றால் கம்பத்தில் இருந்து மீட்டர் வரை கரண்ட் வந்திருக்கு. மீட்டரே செத்துக் கிடந்தால், கோளாறு மீட்டருக்கு முன்னாடி. அது மின்வாரியம் வந்து பார்க்க வேண்டியது. மீட்டரில் இருக்கிற சீலை யாரும் உடைக்கக்கூடாது. கம்பத்து ஃபியூஸைப் போட ஊருக்குள்ளே ஒரு தம்பியைக் கம்பம் ஏத்தவும் கூடாது. அப்படி ஏறி உயிரை விட்டவங்க செய்தியைப் பத்திரிகையில் எத்தனையோ தடவை படிச்சிருக்கோம்.

4. மெயின். மீட்டர் உயிரோட இருக்கு, வீடு மட்டும் இருட்டு என்றால் அடுத்தது நம்ம மெயின். மீட்டர் வரைக்கும் மின்வாரியப் பொறுப்பு, அதுக்கு அப்புறம் நம்ம பொறுப்பு.

மெயின் விழுந்திருந்தால்

முதலில் வீட்டில் எல்லா ஸ்விட்ச்சையும் அணைச்சிடுங்க. கிரைண்டர், ஃபிரிட்ஜ், டி.வி. பிளக்கைப் பிடுங்கிடுங்க. அப்புறம் எம்.சி.பி. குமிழைப் பாருங்க. சிலது விழுந்தா நடுவில் நிக்கும். அதை அப்படியே மேலே தள்ளினால் நிக்காது. ஒரு தடவை முழுசாகக் கீழே இறக்கி, அப்புறம் மேலே ஏத்துங்க.

ஏத்தினதும் நின்னுருச்சா? இப்ப ஒவ்வொன்றாகப் போடுங்க. முதலில் லைட், அடுத்து ஃபேன், அப்புறம் ஃபிரிட்ஜ், அப்புறம் கிரைண்டர். எதைப் போட்டதும் விழுதோ அதில்தான் கோளாறு. அதைப் பிடுங்கி வச்சிட்டு மத்ததைப் பயன்படுத்தலாம்.

எல்லாத்தையும் அணைச்ச பிறகும் ஏத்தின உடனே 'டப்' என்று விழுதா? வயரிங்கில் எங்கோ ஷார்ட் இருக்கு, இல்லையென்றால் எம்.சி.பி. கெட்டிருக்கு. ரெண்டு தடவைக்கு மேல ஏத்திப் பார்க்காதீங்க. வயர்மேனைக் கூப்பிடுங்க.

ஏத்தினால் பத்துப் பதினைந்து நிமிஷம் நின்னு அப்புறம் விழுதா? வீட்டில் பாரம் அதிகம், அல்லது ஸ்க்ரூ தளர்ந்து சூடேறுது.

எம்.சி.பி. மேலே நிக்குது, மீட்டரும் ஓடுது, ஆனா வீடு இருட்டு. இதுதான் ஏமாத்துகிற கோளாறு.

ஒரு மாவுக்கார அக்கா வீட்டில்

சின்னமனூர் பக்கம் ஒரு அக்கா. குழுவில் கடன் வாங்கி கிரைண்டரும் ஃபிரிட்ஜும் வாங்கி, இட்லி மாவு அரைச்சு வித்துக்கிட்டிருந்தாங்க. ஒரு நாள் சாயந்திரம் கரண்ட் போயிருச்சு. தெருவில் மத்த வீட்டில் எரியுது. மெயின் மேலே நிக்குது. மருமகன் டெஸ்டர் வச்சுப் பார்த்தார், டெஸ்டர் எரியுது. "கரண்ட் வருது, வோல்டேஜ்தான் கம்மி, காலையில் சரியாகும்" என்று சொல்லிட்டார். மறுநாளும் காத்திருந்தாங்க. ரெண்டு நாள் மாவு புளிச்சுப் போச்சு. கொட்டிட்டாங்க.

நான் போய்ப் பார்த்தப்ப விஷயம் இதுதான். கரண்டுக்கு வருகிற வழியும் வேணும், திரும்பிப் போகிற வழியும் வேணும். வருகிறது பேஸ், திரும்புகிறது நியூட்ரல். அந்த வீட்டு மெயினில் ரெண்டுமே ஸ்விட்ச் வழியாகத்தான் போகுது. நியூட்ரல் பக்கம் உள்ளே கருகி விட்டுப் போச்சு. பேஸ் வந்துக்கிட்டே இருக்கிறதால டெஸ்டர் எரியும், திரும்புகிற வழி இல்லாததால பல்பு எரியாது. ஞாபகம் வச்சுக்கங்க. டெஸ்டர் எரிஞ்சு பல்பு எரியலைன்னா அது வோல்டேஜ் குறைவு இல்லை, நியூட்ரல் கோளாறாக இருக்கும். பல்பு எரியலையேன்னு தொட்டுப் பார்க்கவே கூடாது. அந்த வயரில் முழுக் கரண்டும் இருக்கு.

அந்த அக்காவிடம் கேட்டேன், இதுக்கு முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதா என்று. "ஆமா, மூணு மாசமா கிரைண்டர் போட்டா லைட் மினுக்கு மினுக்குன்னும். பெட்டியில் வண்டு கத்துற மாதிரி சத்தம் கேக்கும். கருகின வாடை அடிக்கும்" என்றார். மூணு மாசமா அந்தப் பெட்டி சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. கேட்க ஆள் இல்லை. புது எம்.சி.பி.க்கு ஆனது சில நூறு ரூபாய்தான். கொட்டின மாவுக்கும், போன வாடிக்கைக்கும் கணக்குப் பார்த்தால் அதைவிட அதிகம். அந்த மரப்பலகை தீப்பிடிச்சிருந்தால் கணக்கே பார்க்க முடியாது.

அதனால இந்த அஞ்சு அறிகுறியில் ஒன்று தெரிஞ்சாலும் வயர்மேனைக் கூப்பிடுங்க: பெட்டியில் இரைச்சல், கருகின வாடை, பிளாஸ்டிக் பழுப்பேறுவது, பெரிய சாமான் போட்டால் லைட் மினுங்குவது, குமிழ் இறுகிப் போய் நகராமல் இருப்பது அல்லது தொளதொளவென்று ஆடுவது.

இன்னொன்று. லைட் வழக்கத்தைவிட ரொம்பப் பிரகாசமா எரிஞ்சு, ஃபேன் தலைகால் தெரியாம சுத்துச்சுன்னா, தெருவில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். யோசிக்காம மெயினை இறக்கிடுங்க. இல்லைன்னா டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் புகைஞ்சு போகும்.

பாரக் கணக்கு

கடன் கணக்கு நமக்கு அத்துப்படி. இந்தக் கணக்கும் அதே மாதிரிதான். ஒரு ஆம்பியருக்குச் சுமார் 230 வாட். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் சுமார் 3,680 வாட் தாங்கும். மின்சார அடுப்பு 2,000 வாட், வெந்நீர்க் கம்பி 1,500 வாட், இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். மூணையும் காலையில் ஒரே நேரத்தில் போட்டால் 4,500 வாட், அதாவது ஏறக்குறைய 20 ஆம்பியர். விழாம என்ன செய்யும்?

நம்ம வீடுகளில் பலது ரெண்டு பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும் வயரிங் செஞ்சது. 2006-ல் இருந்து அரசு கலர் டி.வி. கொடுத்துச்சு. 2011-ல் இருந்து மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்துச்சு. அப்புறம் நாமளும் ஃபிரிட்ஜ், மோட்டார் வாங்கினோம். சாமான் வளர்ந்துச்சு, வயர் மட்டும் அதே பழைய வயர்.

இங்கேதான் பெரிய ஆபத்து. "அடிக்கடி விழுது, 32 போட்டுக் கொடுங்க" என்று என்கிட்டயே கேக்கிறாங்க. மெல்லிசு வயருக்குப் பெரிய எம்.சி.பி. போட்டால் காவல்காரன் தூங்கிடுவான், வயர் எரியும். ஃபியூஸ் கட்டையில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலா செம்புக் கம்பியை முறுக்கிப் போடுவதும், எம்.சி.பி.யை விட்டுட்டு 'டைரக்ட்' கொடுப்பதும் அதே கதைதான். எம்.சி.பி.யைப் பெரிசாக்கணும்னா வயரையும் சேர்த்து மாத்தணும்.

மாத்துவது யார்?

மெயினை மாத்துவது நாம செய்கிற வேலை இல்லை. மெயினை இறக்கினாலும் மீட்டரில் இருந்து வருகிற பக்கத்து வயரில் கரண்ட் இருந்துக்கிட்டேதான் இருக்கும். மீட்டர் பக்கத்து ஃபியூஸை மின்வாரியப் பணியாளர் எடுத்த பிறகுதான், லைசென்ஸ் உள்ள வயர்மேன் கை வைக்கணும். நீங்க பக்கத்தில் நின்னு மூணு கேள்வி கேளுங்க. "ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா? வயருக்கு ஏத்த ஆம்பியரா? எர்த் சரியா இருக்கா?" பில்லும் வாங்கி வச்சுக்கங்க.

வசதிப்படும்போது ஆர்.சி.டி. என்ற கருவியையும் மாட்டச் சொல்லுங்க. எம்.சி.பி. வீட்டைக் காக்கும். ஆர்.சி.டி. ஆளைக் காக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் வழி தவறிக் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்திடும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க, 'டக்' என்று விழணும். விழலைன்னா அது கெட்டுப் போச்சு.

கைக்கு எட்டணும்

கடைசியாகச் சொல்லப் போவது, நான் இன்னிக்குச் சொன்னதிலேயே முக்கியமானது. துணி காயப்போடுகிற கம்பியில் கரண்ட் பாய்ஞ்சு, பிள்ளையோ மாமியாரோ பிடிச்சுக்கிட்டாங்க என்று வைங்க. பதறிப்போய்க் கையைப் பிடிச்சு இழுக்கக்கூடாது, உங்களையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். ஓடிப்போய் மெயினை இறக்கணும். அது முடியலைன்னா காய்ஞ்ச மரக்கட்டையால தள்ளணும். அப்புறம் 108-க்கு போன்.

அந்த நேரத்தில் மெயினுக்கு முன்னாடி நெல் மூட்டை அடுக்கியிருந்தால்? ஸ்டூல் போட்டு ஏறுகிற உயரத்தில் இருந்தால்? குமிழ் இறுகி நகராமல் இருந்தால்? அந்தச் சில நொடியில்தான் உயிர் போகுது. கரண்ட் போனால் மட்டும் தேடுகிற சாமான் இல்லை மெயின் ஸ்விட்ச். உயிரைக் காப்பாத்த ஓடுகிற இடம் அது. அதனாலதான் அது நல்லா இருக்கணும், நம்ம கைக்கு எட்டணும், நமக்கு இறக்கத் தெரியணும் என்று இத்தனை நேரம் சொல்றேன். துணிக்கொடிக்குக் கம்பி வேண்டாம், நைலான் கயிறு கட்டுங்க.

குழுவில் செய்ய வேண்டியது

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்க.

1. இந்த வாரம் ஒவ்வொரு உறுப்பினரும், செருப்புப் போட்டுக் காய்ஞ்ச கையால, பகல் வெளிச்சத்தில் மெயினை ஒரு தடவை இறக்கி ஏத்திப் பார்க்கணும். வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கணும்.

2. மெயினுக்கு முன்னாடி மூட்டை, அலமாரி இருந்தால் நகர்த்தணும். சாரல் அடிக்கிற இடத்தில் இருந்தால் தகரமாவது சாய்ச்சு அடிக்கணும்.

3. கதவுக்குப் பின்னாடி சுவரில் பெரிசா எழுதி வைக்கணும்: உங்க மின் இணைப்பு எண், உள்ளூர் மின்வாரிய அலுவலக எண், வயர்மேன் எண், 2021-ல் தொடங்கின மின்னகம் புகார் எண் 94987 94987. புகார் சொன்னால் பதிவு எண் கேட்டு வாங்கிக்கங்க.

4. வயரிங் சரி செய்ய உள்கடன் கேட்டால், "இதுக்குப் போயி கடனா?" என்று தள்ளி வைக்காதீங்க. காது குத்துக்கும் திருவிழாவுக்கும் கொடுக்கிறோம். தீப்பிடிக்கிற வீட்டைக் காக்கிறதும் தேவைதான்.

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இந்த நாலையும் முடிச்சிடணும். அடுத்த பிரதிநிதிகள் கூட்டத்தில் திரும்ப வருவேன். எத்தனை குழு முடிச்சிருக்கு என்று நோட்டைப் பார்த்துத்தான் பேசுவேன்.